புது நாடகமும் வெளிமாநிலத் தமிழரும்



பெங்களூரிலிருந்து ஒசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்னதாக, எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழில் நகரம் அமைந்திருக்கிறது. கர்நாடக அரசு 1976ஆம் ஆண்டில் 'கியோனிக்ஸ்' என்னும் மின்னணுவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிற்று. அதன் முதல் தலைவராயிருந்த ஆர்.கே. பாலிகா வகுத்த திட்டப்படி, கோணப்பன அக்ரஹாரம், தொட்ட தோகூர் ஆகிய இரு கிராமங்களைச் சேர்ந்த 332 ஏக்கர் நிலத்தில் இந்நகரம் உருவாயிற்று. அங்கே பணிபுரிவோருள் தமிழர் பலர். அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டினால் தாய்மாநிலம் வந்துவிடும். ஆயினும் வாரம் முழுவதும் அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் கன்னடம், அடுக்குமாடியின் மின்தூக்கியில் இந்தி என்று பேசிப் பழகியவர்களுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டுமே ஒலிக்கும் மொழியாகிவிடுகிறது.

இத்தகைய ஊரில் வாழ்வோருக்கு, இக்கால ஆசிரியர்கள் புதிதாக எழுதும் தமிழ் நாடகங்களைப் பற்றிச் சொல்லுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாடகம் சென்னையில் பிறந்து சென்னையில் வளர்வது. அது பெயர்பெற்ற பின்னர் நாம் அழைத்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் செய்தி வேறுவிதமாக இருக்கிறது. தமிழில் புதிய நாடகம் தலையெடுத்த வேளைகளில், தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழரையோ, அண்டை மொழியின் அரங்கைக் கண்டு வியந்த ஒருவரையோ மீண்டும் மீண்டும் சந்திக்கிறோம்.

1891ஆம் ஆண்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில்தான் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. அதனை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். ஆங்கில ஆசிரியர் லிட்டன் எழுதிய ஒரு கதைப்பாட்டைத் தழுவி, தமிழ் யாப்பில் ஐந்து அங்க நாடகமாக அதனை அமைத்தார். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலின் பாயிரத்தில் உள்ளது என்பதை யாவரும் அறிவர். அந்த வாழ்த்தை எழுதிய கை மலையாள நாட்டில் வாழ்ந்த ஒரு தமிழரின் கை என்பதை எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்?

அதே 1891இல் பல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தது. அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்து இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. படித்த கனவான்கள் மேடையேறி நடிப்பதைக் கண்டு பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மெய்ம்மறந்தார். நாடகம் என்றாலே முகஞ்சுளித்து வந்த அவர், அந்த ஆண்டிலேயே நண்பர் சிலருடன் கூடிச் 'சுகுண விலாச சபை'யைத் தொடங்கினார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அவர் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பாட்டுக்குப் பாட்டு என்று விடிய விடிய நடந்த நாடகத்தை உரைநடைக்குக் கொணர்ந்து, சில மணி நேரத்துக்குள் அடக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பல்லாரிக் குழுவினர் அந்த ஆண்டு சென்னைக்கு வாராதிருந்தால் தமிழ் நாடகம் எவ்வழியில் சென்றிருக்குமோ, யார் கூற முடியும்?

இனி, பெங்களூர்த் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தி.ப. கைலாசம் 1884இல் மைசூரில் பிறந்தார். வீட்டில் வழங்கிய மொழி தமிழ். தந்தையார் பரமசிவ ஐயர் மைசூர் அரசின் நீதித்துறையில் இருந்தவர். மகனை மண்ணியல் படிப்பதற்காக லண்டனுக்கு அனுப்பினர். அங்கே அவர் பாறைகளைப் படித்த அளவுக்கு நாடகக் கொட்டகைகளையும் படித்தார். ஊர் திரும்பி மண்ணியல் துறையில் சேர்ந்தார், நெடுங்காலம் நிலைக்கவில்லை. உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகத்தைப் பற்றிக்கொண்டார்.

அக்காலக் கன்னட மேடையில் புராண வேந்தர்களும் பட்டுத்திரைகளும் கோலோச்சின. கைலாசம் அவற்றை அகற்றிவிட்டு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முற்றத்தை மேடையில் வைத்தார். 1918ஆம் ஆண்டைச் சேர்ந்த 'டொள்ளு கட்டி' அத்தகையது. உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளலையும் உள்ளீடுள்ள கெட்டியையும் எதிரெதிரே நிறுத்தும் பெயர் அது. ஒரு வீட்டில் இரு புதல்வர். ஒருவன் புத்தகப் புழு. தேர்வில் புகழ்பெறத் தேறுகிறான். மற்றவன் தேர்வில் தவறுகிறான். ஆனால் வீட்டாருக்கும் அயலாருக்கும் ஒரு துன்பம் என்றால் முதலில் ஓடி வருபவன் அவனே. வீட்டுக்கு நெருக்கடி நேர்ந்தபோது எவன் கெட்டி என்பது தெரிந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்திய நாடகம் இது. ஆனால் மதிப்பெண்ணைக் கொண்டே பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் பெற்றோர் நிறைந்த எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்று இதனை நடித்தால், அவையில் ஓரிருவரேனும் தம் பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பர் என்றே எண்ணுகிறேன்.

கைலாசத்தின் பாத்திரங்கள் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசின. படித்த பெங்களூர்க்காரர் உண்மையிலேயே எப்படிப் பேசினரோ அப்படியே பேசின. இலக்கியத் தூய்மையை விரும்பியவர்களுக்கு இது உவப்பாக இல்லை. அதை ஒரு குறையென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேற்றுமொழி வீட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு மொழியின் தெருப்பேச்சு உள்ளூராரைக் காட்டிலும் கூர்மையாகக் கேட்கும் போலும். மற்றொரு செய்தி, கேட்போர் வியக்கத்தக்கது. 1945இல் கன்னட சாகித்திய சம்மேளனம் சென்னையில் கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் தமிழ் வீட்டில் பிறந்த இந்தக் கைலாசமே. மறு ஆண்டில் அவர் காலமானார். குடிபெயர்ந்த தமிழர் தாம் வாழும் நாட்டின் மொழிக்கு என்ன கொடுத்தார் என்று எவரேனும் கேட்டால், பெங்களூர்த் தமிழர் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய பெயர் இது.

தமிழகத்திலோ, சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த தொழில்முறைக் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓங்கி நின்றன. அவற்றில் பயின்ற பாலர்களே பின்னர்ப் பெரும் நடிகர்களாயினர். பேசும் படம் வந்தது. கொட்டகைகள் திரையரங்குகளாக மாறின. இது பலரும் எழுதிய வரலாறு ஆதலால் இங்கே விரிக்கவில்லை. 1938இல் சென்னையில் தொடங்கிய வானொலி நிலையம் வாயிலாகச் சிறு நாடகங்கள் பல வீடுகளை எட்டின. காட்சியே இல்லாத அந்த நாடகம், ஒரு கதவு சாத்தப்படும் ஓசையால் ஒரு குடும்பத்தின் பிரிவைச் சொல்லிவிடலாம் என்பதைக் கேட்போருக்கும் எழுதுவோருக்கும் கற்பித்தது.

1960களுக்கு வருவோம். கொங்கணி மொழி பேசும் வீட்டில் பிறந்து கன்னடத்தில் எழுதிய கிரீஷ் கார்னாட், 1963 முதல் 1970 வரை சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பணியாற்றினார். அவருடைய 'துக்ளக்' 1964இல் வெளிவந்தது. நன்மை செய்ய வேண்டும் என்ற பேராசை கொண்ட ஒரு சுல்தான், தலைநகரையே தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றுகிறான். செப்பு நாணயம் வெளியிடுகிறான். கனவு ஒவ்வொன்றும் கொடுமையாக முடிகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஆண்டுகளில் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையும் அதன் தளர்ச்சியும் அதில் தெரிவதாக ரசிகர்கள் கண்டனர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே சென்னையில், அதே சுல்தானின் பெயரால் ஒரு தமிழ் நாடகம் மேடையேறியது. அதுதான் சோ எழுதிய 'முகமது பின் துக்ளக்' (1968). துக்ளக் என்றும் இபன் பதூதா என்றும் சொல்லிக்கொண்டு இருவர் நம் காலத்துக்கு வந்து தேர்தலில் நின்று நாட்டை ஆளத் தொடங்குகின்றனர். இந்தியா, தமிழா என்ற மொழிப் பூசலுக்குப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கித் தீர்வு காண்கிறார் அந்தப் போலிச் சுல்தான்! 1965இன் கிளர்ச்சி நினைவிலிருந்து மறையாத நாளில் அவை எப்படிச் சிரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே மன்னன், ஒருவர் கையில் துன்பியல், மற்றவர் கையில் நையாண்டி. புதிய நாடகம் என்பது புதிய கதையாக இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதே நல்ல பயிற்சி. என் சொந்த மதிப்பீட்டைக் கேட்டால், சோவின் நாடகம் அதன் காலத்தை அறிந்தவருக்கு இனிக்கும். கார்னாடின் நாடகம் காலம் அறியாதவரையும் உலுக்கும்.

கார்னாடின் 'ஹயவதனா'வை 1972இல் ஆங்கிலத்தில் சென்னை மியூசியம் தியேட்டரில் அரங்கேற்றியவர்கள் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்னும் குழுவினர். கர்நாடகத்தின் புது நாடகத்தைச் சென்னை ரசிகர்கள் தாமதமின்றி வரவேற்றனர் என்பது இதனால் விளங்கும்.

தில்லிக்குச் செல்வோம். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 'மழை', 'ஔரங்கசீப்', 'நந்தன் கதை' ஆகிய முழுநீள நாடகங்கள் அவர் தில்லியில் வாழ்ந்த காலத்தில் உருவானவை. சிறைப்பட்ட ஷாஜஹான் பழங்கனவில் வாழ்கிறான். அவனைச் சிறையிட்ட ஔரங்கசீப்போ நாடு முழுவதற்கும் ஒரே மதம் என்னும் கனவில் வாழ்கிறான். இருவரும் கனவுக்கு அடிமைகள். இருவராலும் துன்புறுவோர் பிறர். 1974ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த நாடகத்தை எழுதியவருக்குச் செங்கோட்டை தொலைவில் இல்லை. அன்றாடம் பார்க்கக்கூடிய கட்டடம். 'நந்தன் கதை'யிலோ, கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் சோதியிற் கலக்கும் நந்தன், சாதிச் சூழ்ச்சிக்குப் பலியாகும் மனிதனாகிறான். தஞ்சை மண்ணின் கதையை அந்த மண்ணை விட்டு விலகி நின்ற ஒருவர் இவ்வாறு பார்த்தார். அவருடைய 'இராமானுஜர்' நாடகத்துக்கு 1999இல் சரஸ்வதி சம்மான் கிடைத்தது.

இதற்குத் தில்லி வாழ்க்கை எவ்வாறு துணை செய்தது? சென்னையில் நாடகம் எழுதுபவர் சபாக்களின் விருப்பத்தையும், திரைப்படத்துக்கு விலை போகுமா என்பதையும் நினைத்தே எழுத வேண்டியிருந்தது. தில்லித் தமிழ் மேடைக்கு அந்தக் கவலை குறைவு. திரையுலகம் அங்கிருந்து அதனைக் கவனிக்கவில்லை. மேலும், 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் ஊர் அது. இந்தி, வங்காளி, மராத்தி நாடகங்களைக் கண்ட கண்களோடு ரசிகர்கள் தமிழ் நாடகத்துக்கு வந்தனர். தொலைவு அங்கே ஒரு வசதியாயிற்று.

எல்லாம் வெளியிலிருந்தே வந்தன என்று நான் சாதிக்கவில்லை. தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்தவரான ந. முத்துசாமி 1960களின் இறுதியில் 'காலம் காலமாக' என்னும் நாடகத்தை எழுதினார். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர்களின் உடல்மொழியே நவீன நாடகத்துக்கு இலக்கணம் என்று அவர் கண்டார். அதே ஆண்டில் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சியிலிருந்து பல குழுக்கள் கிளைத்தன. மறு ஆண்டில் சென்னையில் ஞாநியின் பரீக்ஷாவும் மதுரையில் நிஜ நாடக இயக்கமும் தோன்றின. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் மேடையேறி, மறு ஆண்டில் பாலசந்தரின் இயக்கத்தில் படமாகவும் வந்தது. அத்திப்பட்டி என்னும் வறண்ட சிற்றூரின் கதையைப் பார்க்க நகரத்து ரசிகர்கள் சபாவுக்கு வந்தனர் என்பது, சபா ரசிகருக்குச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் வேண்டா என்போர்க்குத் தக்க விடை.

புதிய நாடகத்தைச் சுவைப்பது எங்ஙனம் என்பது அடுத்த கேள்வி. 'வள்ளி திருமணம்' பார்க்கச் சென்ற நம் பாட்டனாருக்குக் கதை முன்னமே தெரியும். அன்றிரவு முருகனாக வருபவர் எப்படிப் பாடுவார் என்பதே அவர் எதிர்பார்ப்பு. புதிய நாடகத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் விளங்காதுபோல் இருக்கும். அதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டவர் நாடகத்தை இழந்தவராகிறார். முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' போன்ற சிறு நாடகத்தில் கதையைத் தேடுவோர் ஏமாறுவர். எவர் அமர்ந்திருக்கிறார், எவர் நிற்கிறார், எவர் பேச எவர் வாய் மூடுகிறார் என்று பார்ப்போருக்கு அது திறந்துகொள்ளும். குறுநாடகம் ஒரே முடிச்சைக் காட்டிவிட்டு விலகும். திரை எழுமுன் நடந்ததையும் விழுந்தபின் நடக்கப்போவதையும் நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். முழுநீள நாடகத்துக்கு வேறு அளவுகோல். முதற்காட்சியில் கண்ட மனிதன் இறுதிக் காட்சியில் அதே மனிதனாக இருக்கிறானா, மாறினான் எனில் எந்த இடத்தில் மாறினான் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய நாடகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். 1940களில் தி.க. சண்முகம் ஔவையாராக வேடமிட்டு, அந்தப் பெயரே தமக்கு அடைமொழியாகும் அளவுக்குப் புகழ் பெற்றார். கோலூன்றிய மூதாட்டியாகவே நம் மனத்தில் ஔவை பதிந்தாள். பின்னர்க் கவிஞர் இன்குலாப் 'ஔவை' என்றொரு நாடகம் எழுத, அ. மங்கை அதனை இயக்கினார். அதில் வருபவள் சங்ககாலத்துப் பாணர் மகள். யாழும் கள்ளும் நட்பும் அறிந்த இளம்பெண். இரண்டையும் அறிந்த ரசிகருக்குத்தான், புதிய ஆசிரியர் எதை எடுத்து எதை வைத்தார் என்பது புலனாகும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்புவோம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பலவும் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெயர்பெற்ற நகைச்சுவை நாடகம் ஒன்றை வரவழைக்கின்றன. அதில் இழிவு ஏதுமில்லை. பொறியியல் படித்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பின்னர்த் தமிழர் வீடுதோறும் சிரிப்பைக் கொண்டு சேர்த்த கிரேசி மோகனை யார் மறப்பர்? 2019 ஜூன் 10ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அதே நாளில் பெங்களூரில் கிரீஷ் கார்னாடும் மறைந்தார். இரு நகரங்களும் ஒரே நாளில் இரு நாடகாசிரியர்களை இழந்தன. இவ்விரு இழப்புகளையும் ஒருசேர உணரக்கூடியவர்கள் பெங்களூர்த் தமிழரே.

ஆயினும் ஆண்டுக்கொரு நாள் சிரித்துவிட்டு வருவதோடு நின்றால், இன்று எழுதும் ஆசிரியருக்கு முதல் அவை எங்கிருந்து கிடைக்கும்? கதை அச்சேறிவிட்டால் வாசகரைத் தேடி அலமாரியில் காத்திருக்கலாம். நாடகம் அவ்வாறு காத்திருக்க இயலாது. முதல் பிரதிக்கு ஐம்பது பேர் வந்து அமராவிடில், அந்த ஆசிரியர் இரண்டாவதை எழுதுவதில்லை. திரைப்படத்துக்கோ தொலைக்காட்சிக்கோ வசனம் எழுதப் போய்விடுகிறார். தமிழில் நல்ல நாடகாசிரியர் குறைவு என்று நாம் அங்கலாய்ப்பதன் காரணங்களுள் இது முக்கியமானது.

பெங்களூரில் இதற்கான வசதிகள் உண்டு. சங்கர் நாகின் நினைவாக அருந்ததி நாக் முயற்சியால் 2004இல் ஜே.பி. நகரில் எழுந்த ரங்க சங்கரா, பல மொழி நாடகங்களுக்கும் இடம் தருகிறது. அங்கே நேரந்தவறி வருபவரை உள்ளே விடமாட்டார்கள். நம்மவர் இதனை மனத்திற்கொள்ளல் நலம். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியே ஓடுவதால், ஒசூர் சாலை நெரிசலைக் காரணம் காட்டிக் கன்னட நாடகம் பார்க்காதிருக்கவும் இனி வழியில்லை. மொழி முழுதும் விளங்காவிடினும் சென்று பார்க்கலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் உள்ளம் திரும்பியது தெலுங்கு நாடகம் கண்டுதானே!

மேடையும் ஒப்பனையும் இல்லாமலே தொடங்க வழியுண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஞாயிறு மாலை நான்கு நாற்காலிகளைப் போட்டு, நால்வர் ஆளுக்கொரு பாத்திரமாக ஒரு குறுநாடகத்தை உரக்கப் படிக்க அரை மணி நேரம் போதும். எல்லாரும் அறிந்த பழைய நாடகமாக இல்லாமல், இக்காலத்தவர் எழுதியதாக அது இருக்கட்டும். பள்ளியில் தமிழ் படிக்கும் வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு ஒரு சிறு பாத்திரத்தைக் கொடுத்தால், எழுத்துக்கூட்டியேனும் படித்துவிடுவர். கன்னடம் அறிந்த அண்டை வீட்டாரை அழைத்துக் கைலாசத்தின் 'டொள்ளு கட்டி'யில் ஒரு காட்சியை அவர்கள் மொழியிலேயே படிக்கச் சொல்லி, நாம் அதன் பொருளைத் தமிழில் கூறலாம். படித்து முடித்தபின், எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் மூச்சடங்கிற்று என்று கூடியிருந்தோர் பேசுவதை ஒருவர் குறித்துக்கொண்டு, அந்த நாடகத்தின் ஆசிரியர் முகவரி கிடைத்தால் அவருக்கே அனுப்பிவைக்கலாம். நாடகம் எழுதுவோருக்குக் கடிதங்கள் அதிகம் வருவதில்லை.